தொட்டுக்கொள்ள ஒரு கோப்பை

அன்புள்ள ஐயா,

நாங்கள் எட்டு வருடமாக ஹூஸ்டனில் இருக்கிறோம். வரும் மார்ச்சில் எங்கள் பத்தாவது திருமண நாளுக்கு நானும் கணவரும் நான்கு நாள் நியூ ஆர்லியன்ஸ் போகலாம் என்று இருக்கிறோம். காரிலேயே ஐந்தாறு மணி நேரம்தான். நீங்கள் முன்பு ஒரு கட்டுரையில் அந்த ஊரை 'குடிக்கத் தெரிந்த ஊர்' என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். கணவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, எந்த பாரில் எந்த காக்டெயில் என்று பட்டியலே போட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அந்த வரி உறுத்தியது. என் அப்பா குடியால் போனவர். பள்ளிச் சீருடையோடு ஒயின் ஷாப் வாசலில் அவரைத் தேடி நின்றிருக்கிறேன். குடியில் தெரிந்தது, தெரியாதது என்று என்ன இருக்கிறது? இன்னொன்று, நான் சைவம். முட்டை மட்டும் சாப்பிடுவேன். குடிக்கவும் மாட்டேன், மீனும் தின்ன மாட்டேன் என்றால் அந்த ஊரில் எனக்கு என்னதான் இருக்கிறது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்ததும் அந்தக் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். அந்த வரி முன்னும் பின்னும் ஒரு விளக்கமும் இல்லாமல்தான் நிற்கிறது. ஒயின் ஷாப் வாசலில் நின்ற பெண் அதைப் படிக்கக்கூடும் என்று எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

நான் சொல்ல நினைத்தது இதுதான். நம் ஊரில் குடிப்பவர்கள் சாப்பாட்டை 'சைட் டிஷ்' என்பார்கள். அவித்த முட்டை, ஊறுகாய்ப் பாக்கெட், வறுத்த கடலை எல்லாமே மதுவுக்குத் தொட்டுக்கொள்ள. கையில் காசு குறைந்தால் முன்பின் தெரியாதவரோடு கட்டிங் போட்டு, பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கலந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மடக்கு. ருசி பார்க்க அதில் ஒன்றும் கிடையாது, நேரமும் கிடையாது. நியூ ஆர்லியன்ஸில் இது தலைகீழ். அங்கே சாப்பாடுதான் இலையின் நடுவில். கோப்பை அதற்குத் தொட்டுக்கொள்ள. எல்லோரும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். போர்பன் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

நான் போனது ஓர் ஏப்ரலில், மனைவியோடு, ஐந்து நாள். முதல் நாள் சாயங்காலமே போர்பன் தெருவுக்குப் போய் மாட்டிக்கொண்டேன். அந்த ஊரில் பிளாஸ்டிக் கோப்பையில் மது வாங்கித் தெருவில் நடந்துகொண்டே குடிக்கலாம், சட்டம் தடுக்காது. கண்ணாடிக் கோப்பை மட்டும் கூடாது. ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ஹரிக்கேன் என்ற சிவப்புப் பானத்தை ஒரு சொம்பு அளவுக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். ரோஸ்மில்க் மாதிரி இனிப்பு. வெயிலில் வந்த தாகத்துக்கு மடமடவென்று குடித்துவிட்டேன். அதற்குள் எவ்வளவு ரம் இருந்தது என்பது அரை மணி கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரிக்கு ஒரு நல்ல இடத்தில் மேசை சொல்லிவைத்திருந்தோம். மனைவி தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். நான் ஹோட்டல் குளியலறையில் இருந்தேன்.

ஹரிக்கேன் பிறந்த கதையே அப்படிப்பட்டதுதான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் விஸ்கி தட்டுப்பாடு, ரம் மட்டும் வேண்டிய மட்டும் கிடந்தது. விஸ்கி வேண்டுமென்றால் இத்தனை பெட்டி ரம்மும் சேர்த்து வாங்கிக்கொள் என்று விற்பனையாளர்கள் தலையில் கட்டினார்கள். பேட் ஓ'பிரையன்ஸ் என்ற மதுக்கூடம் அதைத் தீர்ப்பதற்குப் பழச்சாறு கலந்து, சிம்னி விளக்கு வடிவக் கண்ணாடியில் விற்றது. தேங்கிய சரக்கைத் தள்ளிவிடப் பிறந்த பானம். அதை உங்கள் கணவரின் பட்டியலில் முதலில் அடித்துவிடுங்கள். விடியற்காலையில் போர்பன் தெருவை எலுமிச்சை வாசம் கலந்த தண்ணீரால் கழுவுவார்கள். என்னத்தைக் கழுவுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அவர் எதைக் குடிக்கலாம்? ஒரே ஒரு சாஸராக் போதும். இதை மருந்துக் கடைக்காரர் கதையிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைய ஹைட்டி அன்று செயின்ட் டொமிங்கு என்ற பிரெஞ்சு கரும்புத் தீவு. அடிமைகள் 1791-இல் கிளர்ந்து எழுந்து 1804-இல் விடுதலை வாங்கினார்கள். அங்கிருந்து கியூபாவுக்கு ஓடியவர்களை ஸ்பெயின்காரர்கள் விரட்ட, 1809-10-இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நியூ ஆர்லியன்ஸில் வந்து இறங்கினார்கள். ஊர் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. வெள்ளையர், விடுதலை பெற்ற கறுப்பர், அடிமைகளாகவே கொண்டுவரப்பட்டவர்கள் என்று மூன்று கூட்டமும் அதில் உண்டு. அந்தத் தீவிலிருந்து வந்த குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அந்த்வான் பேஷோ. ராயல் தெருவில் மருந்துக் கடை வைத்து, வேர்களையும் மூலிகைகளையும் சாராயத்தில் ஊறவைத்து, சிவப்பாக ஒரு கசப்பு மருந்து விற்றார். நம்மூர் நாட்டு மருந்துக் கடைக் கஷாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் பிராந்தியில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள், அதுதான் சாஸராக். பிற்பாடு பிரான்சில் பூச்சி விழுந்து திராட்சைத் தோட்டங்கள் அழிந்ததும் பிராந்தி இருந்த இடத்துக்கு ரை விஸ்கி வந்தது.

'காக்டெயில்' என்ற சொல்லே பேஷோ ஊற்றிக்கொடுத்த முட்டைக் கிண்ணத்தின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது என்று அந்த ஊர் சுற்றுலா வழிகாட்டிகள் சத்தியம் பண்ணுவார்கள். நம்ப வேண்டாம். 1806-இலேயே நியூயார்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லி அச்சடித்திருக்கிறது. அப்போது பேஷோ நடை பழகும் குழந்தை.

ரூஸ்வெல்ட் ஹோட்டலில் உள்ள சாஸராக் பாரில் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு கண்ணாடிகள். ஒன்றில் ஐஸைப் போட்டுக் குளிரவைக்கிறார். இன்னொன்றில் சர்க்கரை, அதன்மேல் பேஷோவின் சிவப்புச் சொட்டுகள், நசுக்குகிறார், விஸ்கி, ஐஸ், ஒரு நீளக் கரண்டியால் சத்தமே வராமல் சுற்றுகிறார். முதல் கண்ணாடியின் ஐஸைக் கொட்டிவிட்டு ஹெர்ப்செயின்ட் என்ற சோம்பு வாசச் சாராயத்தில் கொஞ்சம் ஊற்றி, கண்ணாடியைச் சாய்த்து உருட்டி, உள்சுவர் முழுக்க ஒரு பூச்சு கொடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுகிறார். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு கலவையை வடிகட்டி ஊற்றி, எலுமிச்சைத் தோலைக் கண்ணாடிக்கு மேலே பிடித்து முறுக்குகிறார். தோலிலிருந்து எண்ணெய் தெறிப்பது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. ஐஸ் கிடையாது. நாலு வாய்க்குத்தான் வரும். அதை முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன்.

அதே பாரில் உங்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1949 வரை அங்கே மார்டி கிரா திருவிழா நாளில் மட்டும்தான் பெண்களை உள்ளே விடுவார்கள். அந்த வருடம் செப்டம்பரில் எல்லா நாளும் திறந்துவிட்டார்கள், பெண்கள் கூட்டமாகப் புகுந்தார்கள். இன்றும் செப்டம்பரில் பெண்கள் அந்தக் கால உடை உடுத்தி வந்து அதைக் கொண்டாடுகிறார்கள்.

ராமோஸ் ஜின் ஃபிஸ் என்று இன்னொன்று உண்டு. 1888-இல் ஹென்றி ராமோஸ் கண்டுபிடித்தது. ஜின், எலுமிச்சை, முட்டை வெள்ளை, பாலாடை, ஆரஞ்சுப் பூ நீர் எல்லாம் போட்டுக் கை கடுக்கக் குலுக்க வேண்டும். திருவிழா நாட்களில் குலுக்குவதற்கென்றே வரிசையாகப் பையன்களை நிறுத்தியிருந்தார், ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் கைக்கு மாறும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மனிதர் தன் கடையில் யாரும் நிதானம் இழப்பதைப் பொறுக்கமாட்டார், ராத்திரி எட்டு மணிக்கு மூடிவிடுவார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 'குடிக்கத் தெரிந்த' என்று எழுதியபோது என் மனதில் இருந்தது அவர்தான். உங்கள் அப்பாவின் கதைக்கு இது பதில் என்று சொல்ல வரவில்லை.

இனி சாப்பாடு. இங்கேதான் உங்களுக்குச் சிக்கல், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் சைவம் மாதிரி தோன்றுவது எதுவும் சைவம் அல்ல. திங்கட்கிழமையானால் ஊரே சிவப்பு பீன்ஸும் சோறும் சாப்பிடும். அந்தக் காலத்தில் திங்கள் துணி துவைக்கும் நாள். அடுப்பில் பீன்ஸைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். பார்த்தால் ராஜ்மா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மிச்சமான பன்றித்தொடை எலும்பு உள்ளே கிடக்கும். கம்போ என்ற குழம்பின் பெயரே வெண்டைக்காய்க்கு ஆப்பிரிக்க மொழிகளில் உள்ள சொல்லிலிருந்து வந்ததுதான். நாம் கொழகொழப்பு போக வதக்குவோம், அவர்கள் அந்தக் கொழகொழப்புக்காகவே போடுகிறார்கள். மாவை எண்ணெயில் போட்டு, அல்வா கிண்டுவதுபோல் கையை எடுக்காமல் கிண்டி, சாக்லேட் நிறம் வந்ததும் வெங்காயமும் செலரியும் குடமிளகாயும். அதுவரைக்கும் நம் சமையல்தான். அப்புறம் கோழி, இறால், சாசேஜ் எல்லாம் உள்ளே இறங்கிவிடும்.

ட்ரெமே பகுதியில் டூக்கி சேஸ் என்ற உணவகத்துக்குக் கட்டாயம் போங்கள், கணவருக்காகவாவது. 1941-இல் தொடங்கியது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உட்காருவது சட்டப்படி குற்றமாக இருந்த நாட்களில், சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் அந்த மாடியறையில் உட்கார்ந்து கம்போ சாப்பிட்டபடி திட்டம் போட்டார்கள். சமைத்தவர் லியா சேஸ். 2019-இல் 96 வயதில் காலமானார். ஒபாமா வந்தபோது ருசி பார்ப்பதற்கு முன்பே கம்போவில் காரச் சாஸை ஊற்ற, அம்மையார் கண்டித்துவிட்டார். பெரிய வியாழனன்று மட்டும் அங்கே கீரை கம்போ உண்டு. ஒன்பது வகைக் கீரை என்று கேட்டதும் என் மனைவிக்கு முகம் மலர்ந்தது. கூடவே என்னென்ன இறைச்சி என்று பரிமாறியவர் சொல்லச் சொல்ல அது வாடியதையும் பார்த்தேன்.

(என் மனைவி உங்களைவிடக் கெடுபிடி, முட்டையும் கிடையாது. உங்களுக்குப் பாதி சண்டை மிச்சம்.)

அவள் சாப்பிட்டுத் தேறியவை என்று பார்த்தால், போ'பாய் சாண்ட்விச்சில் உருளைக்கிழங்கு வறுவல் வைத்தது. இறைச்சிக் குழம்பை ஊற்றாதே என்று இரண்டு தடவை சொல்ல வேண்டும். 1929-இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு டிராமில் வேலை பார்த்த மார்ட்டின் சகோதரர்கள் அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சாண்ட்விச் அது. 'புவர் பாய்', அதாவது ஏழைப் பையன், என்ற பெயரும் அதில்தான் ஒட்டியது. ஊருக்குக் கிழக்கே 1975-க்குப் பிறகு குடியேறிய வியட்நாமியர் பகுதியில் டோஃபு கிடைக்கும். பனானாஸ் ஃபாஸ்டர் என்ற இனிப்பில் வாழைப்பழத்தை வெண்ணெயிலும் பழுப்புச் சர்க்கரையிலும் வதக்கி, ரம் ஊற்றிக் கொளுத்துவார்கள். ரம் வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கஃபே டு மாண்ட். ஹூஸ்டனில் இருக்கும் தமிழ் வீட்டில் அந்த மஞ்சள் டப்பா இல்லாமல் இருக்காது, அதனால் நான் விளக்க வேண்டியதில்லை. சிக்கரி கலந்த அந்தக் காப்பி அங்கே 1862-லிருந்து விற்கிறது. உள்நாட்டுப் போரில் துறைமுகம் அடைபட்டுக் காப்பிக்கொட்டை வராதபோது சிக்கரி போட்டு ஒப்பேற்றினார்கள், போர் முடிந்த பிறகும் நாக்கு விடவில்லை. பாதிக்குப் பாதி சூடான பாலோடு தருவார்கள். டபரா இல்லாத குறைதான். கூட வரும் பென்யே, சதுரமான போண்டா மாதிரி, மேலே குவியலாகச் சர்க்கரைப் பொடி. நேரம் பார்த்துப் போங்கள். காலை எட்டு மணிக்குமேல் வரிசை தெருவில் நிற்கும்.

காரை ஹோட்டலில் போட்டுவிடுங்கள். டிராம் போதும், அவர் ஒரு கோப்பை குடித்தாலும் கவலை இல்லை.

கடைசி நாள் சாயங்காலம் நான் சாஸராக்கோடு உட்கார்ந்திருந்தபோது, உனக்கு என்னம்மா வேண்டும் என்று மனைவியிடம் பாரில் இருந்தவர் கேட்டார். மது இல்லாமல் ஏதாவது என்றாள். கோக் புட்டியை எடுத்து வைப்பார் என்று நினைத்தேன். ராமோஸுக்கு வைத்திருந்த ஆரஞ்சுப் பூ நீரில் சில துளி விட்டு, எலுமிச்சை பிழிந்து, சர்க்கரைப் பாகும் சோடாவும் சேர்த்து, எனக்குச் செய்த அதே நிதானத்தோடு சுற்றி, தோலை முறுக்கிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, இது நம்ம பன்னீர் சோடாங்க."