சிபேனலில் எஸ்ஆர்வி ரெக்கார்டு சேர்ப்பது எப்படி?

செங்கோட்டையில் கடை, மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் கிளை, இரண்டிலும் தலா ஒரு சர்வர். இணையத் தொலைபேசிக்கு சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பேனல்) எஸ்ஆர்வி ரெக்கார்டு, அதாவது ஒரு சேவை எந்த சர்வரில், எந்த போர்ட்டில் இருக்கிறது என்று சொல்லும் டொமைன் பதிவு, எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டொமைனின் நேம்சர்வர் (அதன் ரெக்கார்டுகளைச் சொல்லும் சர்வர்) அந்த ஹோஸ்டிங்கைத்தான் காட்டுகிறதா என்று பாருங்கள். வேறு இடத்தைக் காட்டினால் இங்கே எதைத் திருத்தினாலும் பலனில்லை. சரியாக இருந்தால் சிபேனலில் ரெக்கார்டுகளைத் திருத்தும் சோன் எடிட்டரைத் திறந்து, எஸ்ஆர்வி வகையில் புதிய ரெக்கார்டு சேருங்கள்.

பெயரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். _சிப்._டிசிபி (_sip._tcp) என்று சேவைக்கும் புரோட்டோகாலுக்கும் முன்னால் அடிக்கோடு கட்டாயம். எழுத்துகள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். போர்ட் வழக்கமாக 5060. பிரையாரிட்டியில் (முன்னுரிமை) சிறிய எண்ணுக்கே முதலிடம். செங்கோட்டைக்கு 10, புனலூருக்கு 20 கொடுத்தால், செங்கோட்டை சர்வர் படுத்துவிட்டால்தான் அழைப்பு மலை தாண்டிப் போகும். வெயிட் என்பது ஒரே பிரையாரிட்டி உள்ள சர்வர்களுக்குள் பங்கு பிரிக்க.

டார்கெட்டில் ஐபி எண் கூடாது, சிநேமும் (வேறொரு பெயரைக் காட்டும் மாற்றுப்பெயர்) கூடாது. ஐபி எண்ணோடு நேராக இணைக்கும் ஏ ரெக்கார்டு உள்ள ஹோஸ்ட் பெயர் வேண்டும். ஒருமுறை அந்தப் பெயரின் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டேன். பேனல் டொமைன் பெயரை மறுபடி பின்னால் ஒட்டிவிட்டது, பாதி நாள் போன் அடிக்கவே இல்லை. அதனால் சேமித்த பிறகு டார்கெட்டை முழுதாகப் படித்துப் பாருங்கள். அப்புறம், பழைய விவரம் டிடிஎல் காலம் (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம்) முடியும்வரை தங்கியிருக்கலாம்; அதுவரை பொறுங்கள்.