வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

மகளை எந்த என்ஜினியரிங் படிப்பில் சேர்ப்பது என்று கேட்க, சனிக்கிழமை நீங்கள் மூவரும் உங்கள் மச்சானோடு வந்தபோது, கவலைப்படாதீர்கள் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். ‘இனிமேல் ஏஐதான் சார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சொல்லி வைத்துவிட்டேன், அட்வான்ஸும் கொடுத்தாச்சு’ என்றார் அவர். மீதிப் பணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கப் போவதாக நீங்கள் சொன்னீர்கள். சரி, இனி ஆறுதல் வேண்டாம். அந்தப் பத்திரத்தைத் தொடாதீர்கள்.

உங்கள் மகள் அன்று பேசியது ஒரே ஒரு விஷயம். ஆட்டின் கழுத்தில் ஒரு வைஃபை போர்டு, வீட்டுக்குள் இன்னொன்று. சிக்னல் பலத்தை வைத்து ஆடு எவ்வளவு தூரத்தில் மேய்கிறது என்று பார்க்கிறாள். ‘வீட்டிலிருக்கும் போர்டை பீரோவுக்குப் பின்னால் வைத்தால், வாசலில் நிற்கிற ஆட்டையும் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் காட்டுது சார், ஏன்?’ என்றாள். மச்சான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், சுரங்கத்துக்குள் ரோபோக்களை அனுப்பும் பொறியாளர்கள்.

சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் எட்டாது. அங்கே இறங்கும் ரோபோ கூட்டத்தில் ஒவ்வொன்றும் தான் போன வழியைத் தானே வரைந்துகொள்ளும். சக்கரம் வழுக்க வழுக்க, வரைபடம் கோணலாகும். அப்போது பக்கத்து ரோபோவுக்கு ஒரு ரேடியோ துடிப்பை அனுப்பி, போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும். ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. ஓடும், குறுக்கே எதுவும் இல்லையென்றால் அல்ட்ரா வைட்பேண்ட் என்ற, மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்பும் ரேடியோ சிப் சுமார் 10 செ.மீ. பிழையோடு தூரத்தைச் சொல்லிவிடும். இப்படிப் பல தூரங்கள் சேர்ந்தால் இரண்டு ரோபோக்களின் கோணல் வரைபடங்களையும் ஒன்றாக ஒட்டலாம். குறுக்கே இரும்பு வந்தால் நேர் அலை தேய்ந்து, சுவரில் பட்டுச் சுற்றி வந்த அலைதான் கிடைக்கும். தூரம் கூடுதலாகத் தெரியும். உங்கள் மகள் அளந்தது பலம், அந்தப் பொறியாளர்கள் அளப்பது நேரம். பீரோ இரண்டையும் ஏமாற்றும்.

2021 செப்டம்பரில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றுக்குள் அந்நாட்டு ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய நிலத்தடி ரோபோ போட்டியின் இறுதிச் சுற்றில், நாலுகால் ரோபோக்களோடு வந்த செர்பரஸ் அணி 20 லட்சம் டாலர் வென்றது. தகவல் தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க, போகிற வழியில் ரோபோக்களே சின்ன ரேடியோ பெட்டிகளைப் போட்டுக்கொண்டே போயின.

இதற்கு அடிப்படைப் படிப்பு ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். ஆமாம், உங்கள் மச்சான் ‘பழைய கோர்ஸ்’ என்று ஒதுக்கியதேதான். ஆன்டெனா, சிக்னல் ப்ராசஸிங், நிகழ்தகவு எல்லாம் அங்கேதான் ஒழுங்காக வரும். பைத்தானும் ரோபோக்களுக்கான ஆர்ஓஎஸ் மென்பொருளும் காசில்லாமல் வீட்டிலேயே பழகலாம். கல்லூரிப் பெயரைப் பார்க்காதீர்கள். நேரில் போய் கம்யூனிகேஷன் லேபில் கருவிகள் மேல் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நாலு வருஷத்தில் கை நிறையச் சம்பளம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த வேலைக்குப் பெரும்பாலும் எம்.டெக். வேண்டும். அதற்கான ‘கேட்’ நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதற்கும் அடகு தேவையில்லை.

இன்னொன்று. உங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி. கவுன்சலிங்கில் சேர்ந்தால் அந்தச் சான்றிதழுக்குக் கட்டணச் சலுகை கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடைக்காது. தாலுகா ஆபீஸ் வேலையை இந்த வாரமே முடியுங்கள். சாய்ஸ் லிஸ்டை அவளே நிரப்பட்டும், மச்சான் பக்கத்தில் உட்கார வேண்டாம். கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வராவிட்டால் போகட்டும், விடுங்கள்.