காலையில் திமிங்கிலமா, மாலையில் கண்டலா?

கேள்வி: வழிகாட்டியுடன் ஒரே நாளில் கரையோர உயிரினங்களையும் சூரிய அஸ்தமனத்தையும் பார்த்துத் திரும்ப, கொழும்பிலிருந்து எங்கு செல்லலாம்? சிறு பிள்ளைகளும் வருவார்கள். (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: திமிங்கிலம் பார்க்கத் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவுக்குத்தான் பலரும் ஆசைப்படுவார்கள், ஆனால் அங்கே படகுகள் அதிகாலையிலேயே புறப்படுவதால், நள்ளிரவு தாண்டியதும் பிள்ளைகளை எழுப்பிக் கிளம்பி, அந்திவரை காத்திருந்து திரும்புவது அவர்களைக் களைப்படையச் செய்யும். நீர்கொழும்புக்குத் தெற்கே, 1996 இல் சரணாலயமாக்கப்பட்ட முத்துராஜவெல சதுப்புநிலமே உங்களுக்குப் பொருத்தம். பிற்பகல் வெயில் தணிந்ததும் படகேறினால், ஒல்லாந்தர் வெட்டியதென்று பலர் நம்பினாலும் உண்மையில் ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்டன் கால்வாய் வழியே களப்புக்குச் செல்லலாம். கண்டல் மரங்களின் வேரோடு வேராகக் கிடக்கும் கபரகொய்யா என்னும் பெரிய நீர் உடும்பு, நாக்கை நீட்டும்வரை நம் கண்ணில் படாது. வழிகாட்டி அதை முன்பே கண்டுவிடுவார். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். பிறகு நீர்கொழும்புக் கடற்கரைக்கு 5.30 மணிக்குள் வந்துவிடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றினால் மேகம் மூடும். டிசம்பர் முதல் மார்ச் வரை செல்வதே நல்லது.