மிலிட்டரி போலீஸ் வேறு, தளக் காவல் வேறு: விண்ணப்பப் படிவம் நிரப்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 20. பாகான் டாலாமில் இருக்கிறேன். எஸ்.பி.எம். முடித்துவிட்டு, பிறையில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன். மிலிட்டரி போலீஸில் சேர்ந்து பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளத்தில் வேலை செய்ய ஆசை. நேரடியாகச் சேர முடியுமா? என் செக்யூரிட்டி அனுபவம் உதவுமா? "அங்கே நமக்கெல்லாம் எங்கே இடம்?" என்கிறார் அப்பா.

பதில்: தம்பி, நேரடியாகச் சேர முடியாது. அதிகாரிகளுக்கான தேர்வில் அல்லாமல் தரைப்படையில் சேருபவர் யாராக இருந்தாலும் முதலில் சாதாரணப் படைவீரர்தான். போர்ட் டிக்சனில் உள்ள புசாஸ்டா என்ற பயிற்சி மையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்த பிறகே ஒரு கோருக்கு, அதாவது குறிப்பிட்ட பணிக்கான பிரிவுக்கு, அனுப்புவார்கள். உங்கள் விருப்பத்தைச் சொல்லலாம். ஆனால் படைக்கு எங்கே ஆள் தேவையோ அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். காலாட்படைக்கு அனுப்பினாலும் முகம் சுளிக்காமல் போவேன் என்றால் மட்டும் விண்ணப்பியுங்கள்.

அடுத்தது, உங்கள் கேள்வியில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. மிலிட்டரி போலீஸ், அதாவது கோர் போலிஸ் தெந்தெரா டிராஜா என்பது தரைப்படையின் பிரிவு. பட்டர்வொர்த் தளமோ ஆகாயப்படைக்குச் சொந்தம். அங்கே ஒழுங்கைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகாயப்படையின் புரோவோஸ் பிரிவினர். ஆகவே மிலிட்டரி போலீஸ் என்று தரைப்படைக்கு மனுப்போட்டுவிட்டு பட்டர்வொர்த் வாசலில் நிற்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தத் தளம்தான் இலக்கு என்றால் ஆகாயப்படையின் ஆள்சேர்ப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

தளத்தைத் தாக்குதலிலிருந்து காப்பது இன்னொரு வேலை. அது கேட்டில் நின்று அடையாள அட்டை பார்ப்பதோடு முடிவதில்லை. உங்கள் ஊரிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பட்டர்வொர்த் தளம் 1988 வரை ஆஸ்திரேலிய ஆகாயப்படையின் பொறுப்பில் இருந்தது. கம்யூனிஸ்டுகளின் இரண்டாவது கிளர்ச்சிக் காலத்தில், 1970 முதல், அதைக் காக்க ஆஸ்திரேலியா ஒரு காலாட்படைக் கம்பெனியையே அனுப்பி வைத்தது. கோலாலம்பூர் சுங்கை பீசித் தளத்தில் நின்றிருந்த கரிபு போக்குவரத்து விமானத்தின் மீது அந்தப் பத்தாண்டில்தான் மோர்ட்டார் தாக்குதல் நடந்தது. அதன் விளைவாக 1980ல் ஹண்டாவ் என்ற தளப் பாதுகாப்புப் படையை நம் ஆகாயப்படை அமைத்தது. இன்றைய பாஸ்காவ் சிறப்புப் படைக்கு அதுதான் வேர். ஓட்டமும் ஆயுதமும் இரவு ரோந்தும் பிடிக்கும் என்றால் உங்கள் வழி இது.

மிலிட்டரி போலீஸுக்கு வேண்டிய குணம் வேறு. அவர்கள் அதிகாரம் சீருடை போட்டவர்கள் மேல்தான். 1972ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் மேல். கேம்பில் திருட்டு, அடிதடி, லீவு முடிந்தும் திரும்பி வராதவர், இராணுவ வண்டி மோதிய விபத்து என்று வரும். விசாரித்து, வாக்குமூலம் வாங்கி, எழுதிக் கொடுக்க வேண்டும். தீர்ப்புச் சொல்வது கட்டளை அதிகாரியோ இராணுவ நீதிமன்றமோதான். வாகன அணிவகுப்பை வழிநடத்துவதும், கைதானவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இவர்கள் வேலையில் உண்டு. வெளியே பொதுமக்கள் சம்பந்தப்பட்ட குற்றம் போலீஸுக்குப் போய்விடும்.

இதில் கடினம் எது தெரியுமா? நேற்று ஒரே மேசையில் சாப்பிட்டவர் மேல் இன்று ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கும். உங்களைவிட உயர்ந்த பதவியில் இருப்பவரின் காரை நிறுத்தி, மரியாதை குறையாமல், விதியைச் சொல்ல வேண்டியிருக்கும். கேன்டீனில் உங்களைக் கண்டதும் சிலர் பேச்சை நிறுத்துவார்கள். இதைத் தாங்க முடியுமா என்பதை உடல் வலுவைவிட முதலில் யோசியுங்கள். மலாயில் பிழையில்லாமல் அறிக்கை எழுதும் பழக்கம் இல்லாதவர் இந்தப் பிரிவில் திணறிப்போவார். இன்றிலிருந்தே எழுதிப் பழகுங்கள்.

உங்கள் செக்யூரிட்டி வேலைக்காகப் பதவியோ சம்பளமோ கூட்டித் தரமாட்டார்கள். ஆனால் நேர்காணலில் அது கைகொடுக்கும். இரவு ஷிப்டில் பூட்டை உடைக்க வந்தவனைக் கண்டபோது என்ன செய்தீர்கள், லாக் புத்தகத்தில் என்ன எழுதினீர்கள் என்று கோர்வையாகச் சொல்லத் தெரிந்தவர் தனித்துத் தெரிவார்.

இன்னொன்றை மனம்விட்டுச் சொல்கிறேன். பினாங்கை விட்டுப் போகக் கூடாது என்பதுதான் உள்ளூர ஆசை என்றால் இராணுவம் உங்களுக்கு ஏற்றதல்ல. சபாவுக்கோ சரவாக்குக்கோ மாற்றினால் மறுக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு போலிஸ் பந்துவான் நல்ல வழி. 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டப்படி அமைந்த துணைப் போலீஸ் அது. விமான நிலையம், துறைமுகம் போன்ற இடங்களில் வேலை. அதிகாரமும் பெரும்பாலும் அந்த இடத்தோடு நின்றுவிடும். வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் தயங்கினால் அஸ்கார் வத்தானியாவில் சேருங்கள். வேலையை விடாமல் பகுதி நேரமாகப் பயிற்சி பெறும் தொண்டர் படை அது. இராணுவக் கட்டுப்பாடு உங்களுக்கு ஒத்துவருமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அப்பாவிடம் ஒரு பெயரைச் சொல்லுங்கள்: தான் ஸ்ரீ கே. தனபாலசிங்கம். 1967ல், 31 வயதில், நம் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் மலேசியர். அவர் தமிழர். அதே நேரத்தில் அப்பாவின் கவலையையும் தள்ளிவிட மாட்டேன். இன்று படையில் நம் பிள்ளைகள் குறைவு. உங்கள் பிளாட்டூனில் நீங்கள் ஒருவரே தமிழராக இருக்கலாம். அது முதல் சில மாதங்களில் கனக்கும். ஆனால் விண்ணப்பிப்பவர்களே குறைவாக இருந்தால் இந்த நிலை எப்படி மாறும்? நம் வீடுகளில் இந்தப் பேச்சு ஐந்தாம் படிவத்திலேயே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி வேலையைப் பாருங்கள். ஆள்சேர்ப்பு அறிவிப்பு வரும்போது வயது, உயரம், எடை வரம்புகளை அதில் உள்ளபடியே சரிபாருங்கள். நிறக்குருடு இருக்கிறதா என்று இப்போதே கிளினிக்கில் சோதித்துவிடுங்கள். பலர் தேர்வு நாளன்றுதான் அதைத் தெரிந்துகொண்டு கண்கலங்கி வெளியே வருகிறார்கள். பச்சை குத்தியிருந்தால் மறைக்காதீர்கள், மருத்துவச் சோதனையில் தெரிந்துவிடும். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வாரம் மூன்று நாளாவது பயிற்சி எடுங்கள். கார், மோட்டார்சைக்கிள் லைசென்ஸ் இரண்டும் எடுத்து வைப்பது நல்லது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. "உள்ளே ஆள் இருக்கிறார், சில ஆயிரம் கொடுத்தால் போதும்" என்று யாராவது வந்தால் ஒரு காசு கொடுக்காதீர்கள். ஊழல் தடுப்பு ஆணையத்தில் புகார் செய்யுங்கள்.