பிரச்சினையான வீட்டுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காவலாக நிற்பதை நம்பும்படி எழுதிய நாவல் எது?

என் பதில் ‘தி அவுட்சைடர்ஸ்’. 1967இல் வந்த அமெரிக்க நாவல். எழுதிய எஸ். ஈ. ஹின்டன் ஒரு பெண். எழுதத் தொடங்கும்போது அவருக்கு வயது 15, புத்தகம் வெளியானபோது 18. பையன்களின் கதையைப் பெண் எழுதியிருக்கிறாள் என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிடக் கூடாதென்றுதான் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கினார்கள். ஓக்லஹோமாவின் துல்சா நகரில் அவர் படித்த பள்ளியில் ஏழைப் பையன்களுக்கும் பணக்காரப் பையன்களுக்கும் நிஜமாகவே கோஷ்டிச் சண்டை நடந்தது. நாவலில் ஏழைகள் ‘கிரீசர்’, பணக்காரர்கள் ‘சோஷ்’. தலையில் எண்ணெய் வழிய வாரிக்கொள்பவர்கள் கிரீசர்கள்.

கதையின் முடிவையும் சொல்லப் போகிறேன். படிக்கும் எண்ணம் இருந்தால் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.

கதை சொல்பவன் 14 வயது போனிபாய். ஆனால் என் மனதில் நிற்பது அவனல்ல, அவன் நண்பர்கள் ஜானியும் டாலியும்தான். மூவரும் கிரீசர்கள். ஜானிக்கு 16 வயது. வீட்டில் அப்பா அடிப்பார், அம்மா ஒன்று கத்துவாள், இல்லையென்றால் கண்டுகொள்ளவே மாட்டாள். ஒருமுறை சோஷ் பையன்கள் அவனைப் பிடித்து, மோதிரம் போட்ட கையால் முகத்தைக் கிழித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பாக்கெட்டில் கத்தி. டாலி அதற்கு நேர் எதிர். 10 வயதிலேயே போலீஸ் பிடித்த பையன், எவனுக்கும் அடங்காதவன்.

டிரைவ்-இன் தியேட்டரில் ஒரு காட்சி. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் டாலி அசிங்கமாக நடந்துகொள்கிறான். யாரைக் கண்டாலும் பயப்படும் ஜானி, அவளை விட்டுவிடச் சொல்கிறான். வேறு யார் சொல்லியிருந்தாலும் பல் உடைந்திருக்கும். டாலி ஒன்றும் செய்யாமல் எழுந்து போய்விடுகிறான். அவ்வளவுதான் காட்சி. ‘நண்பேன்டா’ வசனம் எதுவும் கிடையாது.

இதைப் படித்தபோது என் பள்ளி விடுதி ஞாபகம் வந்தது. எங்கள் அறையில் ஒரு பையன், லீவு விட்டாலும் வீட்டுக்குப் போக மாட்டான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அறையிலேயே பெரிய முரடன் ஒருத்தன் இருந்தான். தன் பெட்டியைத் தொட்டவனை அடித்தே விடுவான், ஆனால் ஊரிலிருந்து வரும் ஊறுகாய் பாட்டிலை மட்டும் அந்தப் பையனின் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவான். நாங்களும் அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

சரி, கதைக்கு வருகிறேன். ஒரு ராத்திரி சோஷ் பையன்கள் போனிபாயை நீரூற்றுத் தொட்டியில் அமுக்குகிறார்கள். அவனைக் காப்பாற்ற ஜானி ஒருவனைக் குத்திக் கொன்றுவிடுகிறான். கோஷ்டியில் எல்லோரும் பொத்திப் பொத்திப் பாதுகாத்த பையன், முதல்முறை இன்னொருவனைப் பாதுகாக்கும்போது கொலைகாரனாகிறான். இருவரும் ஓடுவது டாலியிடம். அவன் அறிவுரை சொல்வதில்லை. 50 டாலர், ஒரு துப்பாக்கி, ஒளிந்துகொள்ள பாழடைந்த ஒரு சர்ச்சுக்கு வழி. நனைந்து நடுங்கும் போனிபாய்க்குத் தன் தோல் ஜாக்கெட். பிறகு அந்த சர்ச் தீப்பிடித்து, உள்ளே சிக்கிய குழந்தைகளைக் காப்பாற்றப் போகும்போது போனிபாயைப் பெரிய தீக்காயத்திலிருந்து தப்பவைப்பது அந்த ஜாக்கெட்தான்.

எனக்கு ரொம்பவும் வலித்த இடம், தீ விபத்துக்குச் சற்று முன்னால் வருகிறது. பார்க்க வந்த டாலியிடம், தான் சரணடைய வேண்டும் என்கிறான் ஜானி. வீட்டில் தன்னைப் பற்றி விசாரித்தார்களா என்று கேட்கிறான். பையன்கள் கவலைப்பட்டார்கள், ஒருவன் உன்னைத் தேடி டெக்சஸுக்கே கிளம்பப் பார்த்தான் என்கிறான் டாலி. ஜானி விடுவதில்லை, அப்பா அம்மா கேட்டார்களா என்று திரும்பவும் கேட்கிறான். இல்லை என்று டாலி சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெயில் தன்னைக் கல்லாக்கியதுபோல் இவனையும் ஆக்கிவிடக் கூடாது என்பதுதான் டாலியின் பயம். உடைந்துபோன ஒருவன், இன்னொருவனாவது உடையாமல் இருக்கட்டும் என்று காவல் நிற்கிறான். விசுவாசம் என்ற சொல்லுக்குள் இது அடங்குமா என்று தெரியவில்லை. டாலி பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரே கொம்பு ஜானிதான்.

அந்தக் கொம்பு முறிகிறது. தீ விபத்தில் முதுகெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஜானியிடம், கோஷ்டிச் சண்டையில் சோஷ்களை அடித்துவிட்டோம் என்று சொல்ல டாலி ஓடி வருகிறான். சண்டையால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சற்று நேரத்தில் ஜானி செத்துப்போகிறான். டாலி ஒரு கடையில் கொள்ளையடித்து, போலீஸ் துரத்த, நண்பர்களுக்கு போன் செய்கிறான். ஒளித்துவைக்க எல்லோரும் ஓடுகிறார்கள். அவர்கள் கண்முன்னாலேயே குண்டில்லாத துப்பாக்கியைப் போலீஸை நோக்கி நீட்டிச் சுடப்பட்டு விழுகிறான். இது சினிமாத்தனம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீரூற்றுத் தொட்டியில் அமுக்கி மிரட்டும் ஊரில், இவனுக்கு வேறு எங்கே போக இருக்கிறது?

குறையும் உண்டு. பெண் பாத்திரங்கள் மெலிதாக இருக்கின்றன, கடைசி சில பக்கங்கள் கொஞ்சம் பாடம் நடத்துகின்றன. 15 வயதில் தொடங்கியவர் என்பதால் மன்னித்துவிட்டேன்.

1983இல் ‘காட்ஃபாதர்’ இயக்குநர் கொப்போலா இதைப் படமாக எடுத்தார், ஒரு பள்ளி மாணவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம்தான் காரணம். ஆனால் முதலில் புத்தகத்தைப் படியுங்கள். ஆங்கிலம் எளிமைதான், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.