படித்ததில் எது மனதில் தங்குகிறது? கேள்வி பதில்

கேள்வி: போன வருடம் தூக்கம் கெட்டுப் படித்த நாவல். இப்போது கதை என்ன என்று கேட்டால் நாலு வரி சொல்ல வரவில்லை. எனக்கு ஞாபக மறதியா?

பதில்: அதெல்லாம் இல்லை. முதலில் உதிர்வதே கதைதான். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே போயிருந்தது. அர்த்தமுள்ள கதை அத்தனை வேகமாகப் போகாது, ஆனால் போகும். ரொம்ப நாள் முன்பு நான் படித்த ஒரு நாவலில் வேலை பறிபோன குமாஸ்தா ஒருவன் வருவான். அவன் பெயர், ஊர், வேலை போன காரணம் எதுவும் ஞாபகமில்லை. ஆனால் கடைசி நாள் எழுந்து போகும்முன், அடுத்து வரப்போகிறவனுக்காக மைக்கூட்டை நிரப்பி வைப்பான் பாருங்கள், அது மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு அந்த நாவல் என்றால் அந்த மைக்கூடுதான்.

கேள்வி: விறுவிறுப்பாக எழுதினால்தானே மனதில் நிற்கும்?

பதில்: விறுவிறுப்பு பக்கத்தைப் புரட்ட வைக்கும். கொலையாளி யார் என்று தெரிந்ததும் நம் மனதுக்கு அங்கே வேலை முடிந்துவிடும். குமாஸ்தா ஏன் மை ஊற்றினான் என்று ஆசிரியர் சொல்லவே இல்லை. நல்ல மனசா, வீம்பா, வெறும் பழக்கமா? ஒவ்வொரு வயதிலும் நான் ஒரு பதில் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விளக்கிவிடுகிற ஆசிரியர்கள் இந்த வேலையை நமக்கு மிச்சம் வைப்பதில்லை. (இலக்கியத்தரமான புத்தகங்களிலும் இந்த வியாதி உண்டு.)

கேள்வி: பென்சிலால் அடிக்கோடு போட்டு, இரண்டு தடவை படித்தும் நிற்க மாட்டேன் என்கிறது.

பதில்: மூடிவைத்துவிட்டு யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். சொல்லும்போது திணறுகிற இடத்தில்தான் பிடிப்பே விழுகிறது.

கேள்வி: அச்சா, மின்னூலா?

பதில்: எனக்கு ‘இடது பக்கம், கீழே’ என்று இடம் ஞாபகம் இருக்கும், அதனால் அச்சு. உங்களுக்கு வேறாக இருக்கலாம். சண்டை வேண்டாம்.

கேள்வி: பதினாறு வயதில் உயிராக இருந்த புத்தகத்தை மறுபடி எடுக்கப் பயமாக இருக்கிறது. படிக்கலாமா?

பதில்: படியுங்கள், பயம் நியாயமானதுதான் என்றாலும். ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை இங்கிலாந்தில் சிலரைப் படிக்கச் சொல்லி, பிறகு நினைவிலிருந்து எழுத வைத்தார். 1932இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கதையில் வந்த சீல் (கடல்நாய்) வேட்டை சிலர் கையில் மீன்பிடிப்பாக மாறியிருந்தது. அவரவருக்குப் பழக்கமானதைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

எனக்கும் அதே கதைதான். சமீபத்தில் அந்தக் குமாஸ்தா நாவலைத் தேடிப்பிடித்துப் படித்தேன். இடது பக்கம், கீழே, சரியாக அதே இடம். அவன் மை ஊற்றவே இல்லை. மைக்கூட்டின் மூடியைத் திருகி மூடிவிட்டு எழுந்து போகிறான், அவ்வளவுதான். மூன்று முறை படித்துப் பார்த்தேன். அப்புறம், இத்தனை வருடமாக ஊற்றிக்கொண்டிருந்தது யார் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.