400 டாலர் ரீலும் மடக்கு நாற்காலியும்

கேள்வி: அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் நோவை நகரில் வசிக்கிறேன். விடுமுறை நாள்களில் கென்ட் ஏரியில் ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய போலி இரை) தூண்டில் போடுவது என் பொழுதுபோக்கு. கிடைப்பவை பெரும்பாலும் புளூகில் என்ற சிறு ஏரி மீன். எப்போதாவது பேஸ் என்ற பெரிய மீன் ஒன்று. என்னிடம் இருப்பது 40 டாலருக்கு வாங்கிய சாதாரண கிளிக் ரீல் (தூண்டில் கோலில் பொருத்தும், நூல் சுற்றும் கருவி). நூலை வேகமாக உருவினால் உருளை தானாகச் சுழன்று சிக்கல் விழுகிறது. திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அப்பா கரையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சிக்கெடுத்துத் தருவதால் இதுவரை சமாளித்தேன். அவரும் ஆகஸ்டில் ஊர் திரும்புகிறார். (வாய்க்காலில் மூங்கில் கழியால் விரால் பிடித்தவர், இதெல்லாம் அவருக்குப் புரியாது.) டிராக் உள்ள 400 டாலர் ரீலை வாங்கச் சொல்கிறார் நண்பர். வீண்செலவு என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி சொல்வதே சரி. அந்த ரீலை வாங்காதீர்கள். கேமரா, சைக்கிள், ரீல் என்று பொருள் மட்டும் மாறி இதே கேள்வி எனக்கு ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறது. ஏற்றிவிடும் நண்பரும் தடுக்கும் மனைவியும் மட்டும் மாறுவதே இல்லை.

டிராக் என்பது ஓடும் மீனுக்கு நூலைச் சீரான இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் தடை. கவ்விய கணமே நெடுந்தூரம் ஓடும் போன்ஃபிஷ், டார்பன் போன்ற கடல் மீன்களுக்கும், உங்கள் மாநிலத்து ஆறுகளில் ஏறிவரும் ஸ்டீல்ஹெட்டுக்கும் அது தேவை. இல்லாவிட்டால் லீடர், அதாவது நூலையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய இழை, அறுந்துவிடும். நண்பர் அவற்றைப் பிடிப்பவராக இருந்தால் அவருடைய ரீல் அவருக்குப் பொருத்தம். புளூகிலோ 1950-ல் அலபாமாவில் உலகச் சாதனையாகப் பிடிபட்டபோதுகூட 4 பவுண்டு 12 அவுன்ஸ்தான் இருந்தது; உங்களுக்குக் கிடைப்பவை கையகலத்தைத் தாண்டாது. பேஸ் முரட்டு மீன்தான், ஆனால் அது நீர்ச்செடிக்குள் புகப் பார்க்கும், மேலே துள்ளும், நெடுந்தூரம் ஓடாது. இரண்டையும் நீங்கள் நூலைக் கையால் இழுத்தே கரைசேர்க்கிறீர்கள்; சற்றுப் பெரியது ஓடினால், விளிம்பு வெளியே தெரியும் உருளையாக இருக்கும்பட்சத்தில் அதன்மேல் உள்ளங்கையை அழுத்தினால் போதும். ஃப்ளை தூண்டிலில் எறியப்படுவது நூலின் எடை. அந்த எறிதலில் ரீலுக்குப் பங்கே கிடையாது. காற்றோட்டத்துக்குத் துளையிட்ட குறுகிய உருளை கொண்ட ரீலுக்கு 1874-ல் சார்லஸ் ஆர்விஸ் காப்புரிமை பெற்றார். உங்கள் 40 டாலர் ரீலுக்கும் அடிப்படை அமைப்பு அதேதான். ஏரி மீனுக்கு அன்றும் அது போதுமானதாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

சிக்கலுக்குக் காரணம் விலைக் குறைவு அல்ல. கிளிக் ரீலுக்குள் ஒரு சிறு பற்சக்கரமும், வில் ஒன்று அதன்மேல் அழுத்திவைத்திருக்கும் நாக்கும் இருக்கும். நீங்கள் நூலை வெடுக்கென்று உருவும்போது உருளை தறிகெட்டுச் சுழலாமல் தடுப்பதே அந்த நாக்கின் வேலை. சில ரீல்களில் அது ஒரு திசையில் அதிகமாகவும் மறுதிசையில் குறைவாகவும் தடுக்கும். வலக்கையால் சுற்றுவதற்கு அமைத்த ரீலை இடக்கையால் சுற்றினால், நூல் வெளியே ஓடும் திசையில் தடை தளர்ந்துவிடும். உருளையைக் கழற்றி, நாக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, வில் வளைந்திருக்கிறதா, மணல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிறகு நூல் முழுவதையும் வெளியே எடுத்து, மிதமான சோப்பு நீரில் கழுவி, சுருள் போகும்வரை நீட்டி இழுத்து, விரல்களுக்கிடையே இறுக்கிப் பிடித்தபடி மறுபடி சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய நூல் எந்த விலை ரீலிலும் சிக்கும். செலவழித்தே தீர வேண்டுமென்றால் நல்ல மிதக்கும் நூல் ஒன்று வாங்குங்கள். அது எறிதலில் தெரியும்.

ரீலைப் பற்றி இவ்வளவு போதும். நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய வரிக்கு வருகிறேன்.

உங்கள் அப்பா ஊர் திரும்புவதை நீங்கள் எந்த இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். புது ரீல் வாங்குவதற்கான காரணங்களில் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். கடல் தாண்டி வந்த மனிதர் கரையில் உட்கார்ந்து நீங்கள் போட்ட சிக்கை எடுக்கிறார். கோல் ஒருமுறையாவது அவர் கைக்குப் போனதாக நீங்கள் எழுதவில்லை. அவர் பொறுமையாக இருப்பதால் அவருக்கு அதுவே போதும் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். பெற்றவர்களுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பதோடு பிள்ளையின் கடமை முடிகிறது என்று நினைப்பவள் அல்ல நான். ஆறு மாத விசாவில் அழைத்துவந்து, குழந்தையைப் பார்க்கவும் துணி மடிக்கவும் வைத்துக்கொண்டு, "அவர்களுக்கு இங்கே போரடிக்கிறது" என்று சொல்லும் பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறையவே வருகின்றன. நீங்கள் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

அவருக்குப் புரியாது என்கிறீர்கள். விரால் பிடித்தவருக்குப் பேஸ் புரியாமல் எப்படிப் போகும்? பாசிக்கும் கோரைக்கும் ஓரமாகத் தவளையை இழுத்து, பதுங்கியிருக்கும் விராலை மேலே வரவழைப்பதும், நீர்ச்செடி ஓரமாகப் பாப்பர் என்ற மிதக்கும் போலி இரையைச் சப்தம் எழ இழுத்துப் பேஸைச் சீண்டுவதும் ஒரே வித்தை. குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் விராலைத் தண்ணீரின் அசைவிலேயே கண்டுகொள்ளும் கண்ணுக்கு, ஆழமற்ற நீரில் வட்டத் தட்டுகள் போலத் தெரியும் புளூகில் கூடுகளும், அவற்றைக் காவல் காக்கும் ஆண் மீன்களும் தாமாகவே தென்படும். மூங்கில் கழியில் ரீல் கிடையாதே என்பீர்கள். ஜப்பானியரின் டென்காரா முறையிலும் ரீல் கிடையாது. கோலின் நுனியில் நூலைக் கட்டி ஃப்ளையை எறிகிறார்கள். உங்கள் அப்பாவிடம் இல்லாதது நூலை எறியும் பழக்கம் மட்டும்தான். கையகல மீனுக்கு வேண்டிய சிறு தூர எறிதலை ஒரு காலைப்பொழுதில் புல்வெளியில் பழகிக்கொள்ளலாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கோலும் எளிய ரீலும் நூலும் சேர்ந்த தொடக்கநிலைத் தொகுப்பு, அந்த 400 டாலரில் பாதிகூட ஆகாது. 5 எண் நூலுக்கானதாக (எண் நூலின் எடையைக் குறிக்கும்) ஒன்றை அவருக்கு வாங்குங்கள். புளூகிலுக்கும் சிறிய பாப்பருக்கும் அது சரியாக இருக்கும். ரீலின் கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். உங்கள் ஊரில் புளூகில் கூடு கட்டும் ஜூன் மாதம் இது, மீன் கரையோரமாகவே நிற்கும். அவர் புறப்படும் ஆகஸ்டில் பெரியவை ஆழத்துக்குப் போயிருக்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அவருடைய நூல் சிக்கினால் நீங்கள் எழுந்துபோய் எடுத்துக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கவனியுங்கள். மிச்சிகனில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் உரிமமில்லாமல் தூண்டில் போடக் கூடாது. வருகையாளருக்கும் இதே விதிதான். கோலை அவர் கையில் கொடுக்கும் முன்பே வெளியூர்வாசிக்கான உரிமம் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் உரிமமும் உண்டு, விலையும் குறைவு. அதை வாங்கி ஒரே நாளில் கடமையை முடித்துக்கொள்ள நினைக்காமல், ஆண்டு உரிமமாகவே எடுங்கள்.